பரம்பரை அழுத்தம்

பங்குனி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ஸ்ரீரங்கம் பூஞ்சிறகு நர்சரி பள்ளியின் மடை திறப்பு விழாவில் இருந்தவர்கள்: பள்ளியின் இயக்குநர் டோனி, மனநல ஆலோசகர் லிசி, கீழ அடையவளஞ்சான் வீதி அரிசிக் கடை அம்மாசி, அவர் மனைவி பிரேமலதா, அவர்களுடைய ஒரே மகள், யு.கே.ஜி. படிக்கும் மகாலட்சுமி, சிங்காரத்தோப்பில் செருப்புக் கடை வைத்திருக்கும் குத்புதீன், அவர் மனைவி மெஹ்ரீன், மகள் தஹ்ஸீன், கையில் சிவப்புப் பட்டையோ மஞ்சள் பட்டையோ கட்டிய பிள்ளைகளோடு வந்த மற்ற முப்பத்தெட்டுக் குடும்பங்கள், போட்டோ எடுக்க வந்த பாலு, மைக் செட்காரர் ஒருவர், விழாவுக்கு நாற்காலியும் ஷாமியானாவும் வாடகைக்குக் கொடுத்துவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்ட மண்ணச்சநல்லூர் கலையரசன். இவர் அம்மாசிக்குப் பங்காளி முறை.

இத்தனை பேர் கண்முன்னால் நடந்த காரியத்தை ஊர் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆகையால் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லாம் ஜூன் மாதத்தில் ஒரு படிவத்தில் ஆரம்பித்தது. பள்ளி வாசலில் 'அழுத்தமில்லாப் பள்ளி' என்று புதுப் பலகை மாட்டிய வாரம், பிள்ளைகளின் பையில் அதை மடித்து வைத்து அனுப்பியிருந்தார்கள். மொத்தம் மூன்று கேள்வி. குழந்தைக்கு அழுத்தம் உண்டா? பெற்றோருக்கு அழுத்தம் உண்டா? குடும்பத்தில் வேறு யாருக்கேனும் அழுத்தம் இருந்ததா? உண்டு எனில் விவரம் எழுதவும்.

அம்மாசி கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படிவத்தை இரண்டு முறை படித்தார். அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்திலும் குடும்பத்தின் குணத்தை விசாரிக்கிறார்களே என்று.

அவர் வீட்டில் அழுத்தம் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். வலித்தால் வெளியே காட்டாதவன் அழுத்தக்காரன். எவ்வளவு கிளறினாலும் வீட்டு விஷயத்தை வாசலுக்கு விடாதவன் அழுத்தக்காரன். மற்றவர்கள் குறையாகச் சொல்லும் இந்தச் சொல்லை அம்மாசியின் வீட்டார் பட்டமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் பெல்ட்டில் சிக்கி அவருடைய தகப்பனாருக்கு இடக்கைச் சுண்டுவிரல் போனது. அவர் கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, இலையில் உட்கார்ந்து, மோர் சாதம் வரை சாப்பிட்டுவிட்டு எழுந்தபோதுதான், துண்டு சிவந்திருப்பதை வீட்டிலிருந்தவர்கள் பார்த்தார்கள். அந்தக் குடும்பத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு நிலபுலன் கணக்குச் சொல்வதற்கு முன்னால் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

ஆகவே அம்மாசி நிறுத்தி நிதானமாக எழுதினார்:

'குழந்தைக்கு அழுத்தம் உண்டு. பிறந்தது முதல் உண்டு. ஊசி போட்டால்கூட அழுவதில்லை. எனக்கு மிகுதியாக உண்டு. என் மனைவிக்குச் சற்றுக் குறைவு. இங்கே வந்த பிறகு பழகிக்கொண்டு வருகிறாள். என் தகப்பனாருக்கு இருந்த அழுத்தம் ஊரறிந்தது. எங்கள் குடும்பத்தில் இது பரம்பரையாக வருவது. இதைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.'

கீழே கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையையும் குத்தி அனுப்பினார்.

மூன்றாம் நாள் மகாலட்சுமி மணிக்கட்டில் சிவப்புப் பட்டையோடு வீட்டுக்கு வந்தாள்.

"அப்பா, எனக்கு சிவப்பு குடுத்தாங்க. தஹ்ஸீனுக்கு மஞ்சள்தான்."

"முதல் பரிசா இருக்கும்" என்றார் அம்மாசி.

மறுநாள் பள்ளியிலிருந்து போன் வந்தது.

இயக்குநர் டோனியின் அறையில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு சிறிய இயந்திரமும், கண்ணாடிக் குடுவையில் மூங்கில் செடியும், தொட்டால் அமுங்கும் ஒரு சோபாவும் இருந்தன. டோனி முன்பு மெத்தை வியாபாரம் செய்தவர். மனிதர்களின் நிம்மதியைப் பற்றி அவருக்கு அப்போதிருந்தே அக்கறை. பக்கத்தில் ஆலோசகர் லிசி நோட்டோடு நின்றார். முப்பது வயதிருக்கும். மணப்பாறையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த களைப்பு, பவுடருக்கு அடியில் தெரிந்தது.

"வாங்க தாத்தா. பாப்பாவோட அப்பா வரலியா?"

"நான்தாங்க அப்பா."

டோனி லிசியைப் பார்த்தார். லிசி எதையோ எழுதிக்கொண்டார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் கழித்து, ஐம்பத்து மூன்று வயதில் பெற்ற பிள்ளை என்பதை அம்மாசி இதற்கு முன் யாருக்கும் விளக்கியதில்லை. இப்போதும் விளக்கவில்லை.

"உங்க ஃபார்மை ஸ்டாஃப் எல்லாருக்கும் படிச்சுக் காட்டினோம். இவ்வளவு ஓப்பனா ஒரு குடும்பம் எழுதி நாங்க பார்த்ததே இல்லை. எத்தனை தலைமுறையா இருக்கு?"

"எனக்குத் தெரிஞ்சு மூணு."

"பாருங்க லிசி, எவ்வளவு பெருமையா சொல்றாரு."

"பெருமைதானுங்களே" என்றார் அம்மாசி.

லிசிதான் மெதுவாகச் சொன்னார். "சார், இதுல அழுத்தம்னு போட்டிருக்கிறது மன அழுத்தம். ஸ்ட்ரெஸ். டென்ஷன்னு சொல்லுவோம்ல, அது."

அம்மாசிக்கு அப்போதுதான் விளங்கியது. பெரிய பாரம் இறங்கியதுபோலச் சிரித்தார். "அட, அதுவா! அது எங்க வீட்ல யாருக்கும் கிடையாதுங்க. நான் எழுதினது வேற அழுத்தம். அதை அடிச்சுட்டு இல்லைன்னு போட்டுருங்க."

டோனியும் சிரித்தார். "முதல்ல உண்டுன்னு எழுதறது, அப்புறம் இல்லைன்னு சொல்றது. இதுக்குப் பேரு மறுப்பு நிலை. சிவப்புல இது ரெண்டாவது படி."

"அப்படி இல்லீங்க, அந்த வார்த்தைக்கு எங்க பக்கம்..."

"குரல் உயருது பாருங்க. மூணாவது படி."

அம்மாசி வாயை மூடிக்கொண்டார்.

"பேச்சு நின்னுருச்சு. நாலு. எழுதிக்கோங்க லிசி."

வெளியே வராந்தாவரை வந்து வழியனுப்பியபோது லிசி தாழ்ந்த குரலில் சொன்னார்: "நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சுது சார். எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா மொபைல் ஆப்புல ஏத்தியாச்சு. பச்சைலேர்ந்து சிவப்புக்கு மாத்தறதுக்குப் பட்டன் இருக்கு. சிவப்புலேர்ந்து பச்சைக்கு, வருஷக் கடைசியில மடை திறப்பு முடிஞ்சாத்தான் திறக்கும்."

"முடியலன்னா?"

"அழுத்தமின்மைச் சான்று கிடைக்காது. சான்று இல்லாம ஒண்ணாம் வகுப்புக்கு ஏத்த மாட்டாங்க."

அதுவரைக்கும் சிவப்புப் பிள்ளைகள் வகுப்பில் மற்றவர்களோடு உட்காரக் கூடாது. அவர்களுக்கென்று வராந்தா ஓரத்தில் நிம்மதி பெஞ்ச் ஒன்று போட்டிருந்தது. மகாலட்சுமியும் தஹ்ஸீனும் எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே டெஸ்க். ஒருத்தியின் தண்ணீர் பாட்டில் மூடியில் மற்றவள் குடிப்பாள். அம்மாசி திரும்பும்போது பார்த்தார். மகள் நிம்மதி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவள் அழாததைப் பக்கத்தில் நின்ற ஆயா ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தாள்.

பெற்றோருக்கான இளைப்பாறல் வகுப்பு சனிக்கிழமைதோறும் காலை ஆறரைக்கு நடந்தது. கட்டாயம் வர வேண்டும். ஐந்து நிமிஷம் தாமதமானால் வாசலிலேயே நிறுத்தி, மூச்சை நூறு வரை எண்ணச் சொல்லி, பிறகுதான் உள்ளே விடுவார்கள். மூன்று சனிக்கிழமை தவறினால் மஞ்சள் சிவப்பாகும். அம்மாசிக்குச் சனிக்கிழமைதான் அரிசி லோடு இறங்கும் நாள். லாரியைத் தெருவில் நிறுத்திவிட்டு அவர் பள்ளிக்கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து ஆற்றங்கரையைக் கற்பனை செய்துகொண்டிருந்தார். ஆற்றங்கரையில் லாரி நின்றது. டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

முதல் வகுப்பில் டோனி பேசினார்.

"பெற்றோர்களே, அழுத்தம் எல்லாருக்கும் இருக்கு. இருக்குன்னு சொல்றவங்களுக்குக் கொஞ்சம் இருக்கு. இல்லைன்னு சொல்றவங்களுக்கு நிறைய இருக்கு. நிஜமாவே இல்லாதவங்க யாராவது இருந்தா கவலைப்படாதீங்க, நாங்க கண்டுபிடிச்சுக் குடுப்போம். போன வருஷம் நம்ம ஸ்கூல்ல மூணே மூணு பிள்ளைங்களுக்குத்தான் அழுத்தம். இந்தத் திட்டம் ஆரம்பிச்சு ரெண்டே வாரத்துல நாப்பது பிள்ளைங்க! இதைத்தான் வளர்ச்சின்னு சொல்றோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். கை தட்டாதவர்களின் பெயர் எழுதப்பட்டது.

அம்மாசிக்குப் பக்கத்தில் குத்புதீன் உட்கார்ந்திருந்தார். மெஹ்ரீன் படிவத்தில் மூன்று கேள்விக்கும் இல்லை, இல்லை, இல்லவே இல்லை என்று எழுதியதால் அவர்களுக்கு மஞ்சள். கடைசி 'இல்லவே' வந்திருக்காவிட்டால் பச்சை கிடைத்திருக்கும்.

"அண்ணே, இவரு மெத்தை வித்தப்ப நான் ஒண்ணு வாங்கினேன்" என்றார் குத்புதீன், கண்ணைத் திறக்காமல். "ஆறு மாசத்துல நடுவுல குழி. கேட்டதுக்கு, படுக்கறவங்க சரியில்லைன்னுட்டாரு."

"பேசாதீங்க பாய். எழுதறாங்க."

பிறகு சிரிப்பு. ஒவ்வொருவரும் முப்பது வினாடி நிறுத்தாமல் சிரிக்க வேண்டும். லிசி கடிகாரம் பிடித்தார். குத்புதீன் அறுபது வினாடி சிரித்தார், மெத்தையை நினைத்துக்கொண்டாராம். அம்மாசிக்கு நாலு வினாடிதான் வந்தது. அதுவும் இருமல் என்று டோனி தள்ளுபடி செய்தார்.

மறு சனிக்கிழமை மறுதேர்வு. அதற்கு அடுத்த சனிக்கிழமையும் மறுதேர்வு.

வீட்டில் மகாலட்சுமிக்கு மூச்சு நோட்டு என்று ஒன்று கொடுத்திருந்தார்கள். நாலு கோடு போட்டது. தினமும் ஒரு பக்கம் 'நான் நிம்மதியாக இருக்கிறேன்' என்று எழுத வேண்டும். 'ம்' கோட்டுக்கு மேலே போனால் திருப்பி எழுத வேண்டும். மாலை ஐந்து மணிக்குப் பெற்றோர் ஆப்பில் பிள்ளையின் மனநிலையை ஏற்ற வேண்டும். ஐந்தேகால் ஆனால் ஆப் கூவும்.

ஆவணி மாதம் ஒரு சாயங்காலம் அவள் நோட்டை மூடிவிட்டுக் கடைக்கு வந்து நின்றாள். அம்மாசி ஒருவருக்குப் பொன்னி அரிசி அளந்துகொண்டிருந்தார்.

"அப்பா."

"என்னடா கண்ணு?"

"நான் இப்ப நிம்மதியா இருக்கேனா?"

அம்மாசியின் கையில் படி அப்படியே நின்றது.

"சொல்லுப்பா. அஞ்சு மணி ஆவப்போவுது. அம்மா ஆப்புல போடணுமாம்."

அரிசி வாங்க வந்தவர் சிரித்தார். அம்மாசி குனிந்து பார்த்தார். மகளுடைய பத்து விரலிலும் நகம் இல்லை. கடித்துத் துப்பியிருந்தாள். ஜூன் மாதத்தில் அவளுக்கு நகம் வெட்டியது அவர்தான்.

"இருக்கடா" என்றார்.

"பச்சையா, மஞ்சளா?"

அவர் மகளின் முகத்தை உற்றுப் பார்த்தார். அரிசியின் பழசும் புதுசும் ஒரு மணியைக் கடித்தாலே சொல்லிவிடுகிற மனிதர் அவர்.

அரையாண்டில் நிம்மதித் தேர்வு வைத்தார்கள். அதற்காக உத்திர வீதியில் ஒரு மாடியில் நிம்மதி டியூஷன் தொடங்கிவிட்டிருந்தது. சிரித்துக்கொண்டே வண்ணம் தீட்டுவது, ஆசிரியர் அதட்டும்போது தோளைத் தளர்த்துவது இரண்டும் அங்கே முக்கியப் பாடம். பிரேமலதா சேர்க்கலாம் என்றார். அம்மாசி வேண்டாம் என்றார். மகாலட்சுமி ஐம்பதுக்கு முப்பத்தொன்று வாங்கினாள். 'உன் மனதின் நிறம் என்ன?' என்ற கேள்விக்கு 'அரிசி' என்று எழுதியிருந்தாள். சரியான விடை இளநீலம். டியூஷன் போன பிள்ளைகள் எல்லோருக்கும் இளநீலம்.

"ஏங்க, நீங்க போட்ட ஒரு வார்த்தை" என்றார் பிரேமலதா, விடைத்தாளைப் பார்த்துக்கொண்டே. அதற்கு மேல் சொல்லவில்லை. அவரும் அந்த வீட்டுக்கு வந்து இருபத்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

மாசி மாதம் சுற்றறிக்கை வந்தது. சிவப்பு, மஞ்சள் குடும்பங்கள் மடை திறப்பு விழாவில் மேடையேறி, உள்ளே தேங்கியிருப்பதைக் கண்ணீராக வெளியேற்ற வேண்டும். மஞ்சள் குடும்பத்தில் யாராவது ஒருவர் அழுதால் போதும். சிவப்பு என்றால், படிவத்தில் கையெழுத்துப் போட்டவரே அழ வேண்டும். நேரம் மூன்று நிமிஷம். கண்ணீரை ஆலோசகர் வெள்ளைத் தாளில் ஒற்றிச் சரிபார்ப்பார். தாள் நனையாத குடும்பத்தின் பிள்ளை மீண்டும் யு.கே.ஜி.யில் அமர்ந்து நிம்மதியைத் தொடரும்.

அம்மாசி சுற்றறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கடைக்குப் போய் வந்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது பிரேமலதாவிடம் சொன்னார்:

"அப்பாவை எடுத்தப்பகூட நான் அழுவல. உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அழுதுடறேன்."

பிரேமலதா ரசத்தை ஊற்றாமல் அவரையே பார்த்தார். அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஒரு ஆண்பிள்ளையும் சொல்லாத வார்த்தையை அவர் சொல்லியிருந்தார்.

"வருமா உங்களுக்கு?" என்றார்.

"நாளு கிடக்குல்ல" என்றார் அம்மாசி.

கடையின் பின்கட்டில் மூட்டைகளுக்கு நடுவே அவர் பழகிப் பார்த்தார். செத்தவர்களை வரிசையாக நினைத்தார். வரவில்லை. முகத்தைக் கோணிப் பார்த்தார். தும்மல் வந்தது. தவிட்டுத் தூசிதான் காரணம்.

ஆகப் பங்குனி இரண்டாம் சனிக்கிழமை.

டோனி வெள்ளை ஜிப்பாவில் வந்திருந்தார். ஒலிபெருக்கியில் வயலின் இழைந்தது. "முக்கொம்புல மதகைத் திறந்தாத்தான் ரெண்டு ஆத்துலயும் தண்ணி. உங்க மதகைத் திறங்க! காவிரி ஒரு கண்ணுல, கொள்ளிடம் ஒரு கண்ணுல! வெட்கப்படாதீங்க. இங்க யாரும் யாரையும் பார்க்கறதில்லை. பாலு, க்ளோஸ்-அப் எல்லாம் வருதா?"

குடும்பங்கள் ஒவ்வொன்றாக மேடையேறி அழுது இறங்கின. பழகி வந்தவர்கள் நன்றாக அழுதார்கள். ஒரு குடும்பம் கூடுதலாக அழுது, நேரம் முடிந்த பிறகும் நிறுத்த முடியாமல், ஒழுக்கக் குறைவுக்காக எச்சரிக்கப்பட்டது. மெஹ்ரீன் ஆறு மணியிலிருந்து டீ குடிக்காமல் நின்றிருந்ததால் மேடை ஏறுவதற்கு முன்பே அழுதுவிட்டார். அதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று டோனி சொல்ல, அந்தக் கோபத்தில் இன்னொரு முறை அழுதார். அது சேர்ந்தது.

இறங்கி வந்த குத்புதீன் அம்மாசியின் கையில் ஒரு கைக்குட்டையைத் திணித்தார். தைல வாசனை அடித்தது. "நம்ம வீட்டம்மாவுக்குத் தேவைப்படல. கண்ணுக்குக் கீழ லேசா ஒரு இழுப்பு, அவ்வளவுதாண்ணே."

"வேண்டாம் பாய்."

"அண்ணே, நெல்லுல ஈரம் இருந்தா கழிப்பாங்க. இங்க ஈரம் இல்லன்னா கழிக்கறாங்க. இவங்ககிட்ட என்ன நியாயம் பாக்கறீங்க?"

"பிள்ளை கூட நிக்குது. பொய்யா அழுது அதுக்குக் காட்டக் கூடாது" என்று கைக்குட்டையைத் திருப்பிக் கொடுத்தார் அம்மாசி. நிஜமாகவே அழுதுவிடலாம் என்று அப்போதும் நம்பிக்கொண்டிருந்தார்.

"அடுத்து, நம்ம பள்ளியின் பெருமைக்குரிய கேஸ்! பரம்பரை அழுத்தம்! தாத்தா, மேல வாங்க."

மூவரும் ஏறினார்கள். முதல் வரிசையில் கலையரசன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மணி அடித்தது.

அம்மாசி தகப்பனாரின் துண்டை நினைத்தார். பிள்ளையில்லாத பத்தொன்பது வருஷத்தை, ஒவ்வொரு விசேஷத்திலும் பிரேமலதாவை இரண்டாம் வரிசைக்குத் தள்ளிய உறவுக்காரர்களை நினைத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் துணியில் சுற்றி மகளைக் கையில் கொடுத்த நிமிஷத்தையும் நினைத்தார். நெஞ்சில் என்னவோ கல்லாகத் திரண்டது. கல் தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றது. கண் தவிடுபோலக் காய்ந்து கிடந்தது.

"ரெண்டு நிமிஷம்" என்றார் டோனி. "பாப்பா, நீயும் அப்பாவுக்கு ஹெல்ப் பண்ணு. அழு செல்லம், அழு!"

மகாலட்சுமி அழவில்லை. அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள். பிரேமலதா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம்."

லிசி வெள்ளைத் தாளோடு அருகில் வந்தார். அம்மாசி, ஆயுளில் யாரிடமும் எதையும் கேட்டு நிற்காதவர், குனிந்து அந்தப் பெண்ணிடம் சொன்னார்:

"அம்மா, எனக்கு வரலம்மா. எப்படி அழுவறதுன்னு தெரியல. நீங்க சொல்லிக்குடுங்க, செய்யறேன்."

மகாலட்சுமி அதைக் கேட்டுவிட்டாள். அவர் முழங்கைக்கு எட்டித் தட்டிக்கொடுத்தாள், பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடியே.

"மூச்சு விடுப்பா. நாலு எண்ணு. ஒண்ணு... ரெண்டு... வரலன்னா பரவால்லப்பா. நான் பெஞ்சுலயே உக்காந்துக்கறேன். தஹ்ஸீன் ரீசஸ்ல வருவா."

லிசி கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். அவருக்கும் நாலு வயதில் ஒரு பிள்ளை மணப்பாறையில் இருந்தது. சனிக்கிழமைகூட அது எழுந்திருக்கும் முன் கிளம்பி வந்துவிட வேண்டும். இது அம்மாசிக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது அவர் பார்த்தது, அந்தப் பெண்ணின் கீழ் உதடு நடுங்கியதை. பிறகு இரண்டு கண்ணும் நிறைந்து வழிந்ததை. அம்மாசியின் முகத்துக்காக எடுத்து வந்த வெள்ளைத் தாளை லிசி தன் கண்ணிலேயே ஒற்றினார். இன்னொரு கண்ணிலும் ஒற்றினார். ஒரு பெருமூச்சு விட்டு, திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினார்.

"ஈரம் இருக்கு சார்."

"எவ்வளவு?"

"முழுசா நனைஞ்சிருக்கு சார். பாஸ்."

ஷாமியானா அதிரக் கைதட்டினார்கள். வயலினின் ஒலியைக் கூட்டினார்கள். பாலு ஓடி வந்து எடுத்த படத்தில் அம்மாசி குனிந்திருந்தார், லிசியின் கையில் ஈரத் தாள் இருந்தது, மகள் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பார்த்தவர்கள் வேறெதையும் நினைக்க வழியில்லை. மகாலட்சுமிக்கு அங்கேயே பச்சைப் பட்டை கட்டினார்கள். அவள் மேடையிலிருந்து குதித்து ஓடி தஹ்ஸீன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

படம் அடுத்த வாரமே திருவானைக்காவல் போகும் சாலையில் பத்தடி உயரத்துக்கு நின்றது. 'பரம்பரை அழுத்தம் கரைந்தது! சேர்க்கை நடைபெறுகிறது.' அம்மாசி கடைக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டார்.

சித்திரை மாதம் மண்ணச்சநல்லூரில் ஒரு காதுகுத்து. பந்தியில் நாற்பது உறவுக்காரர்களுக்கு நடுவே கலையரசன் எதிர் இலையிலிருந்து உரக்கக் கேட்டார்:

"ஏண்ணே, ஸ்டேஜுல தேம்பித் தேம்பி அழுதீங்களே, அன்னிக்கு என்னதான் ஆச்சு? பெரியப்பா இருந்து பாத்திருந்தா நாக்கைப் புடுங்கிட்டுச் செத்திருப்பாரு."

இலைகளில் கை நின்றது. அம்மாசி நிமிர்ந்தார். ஒரே ஒரு வார்த்தை போதும். ஆனால் கலையரசனின் நாற்காலிகள் வருஷம் முழுக்கப் பள்ளிக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. இங்கே சொன்னது சாயங்காலத்துக்குள் டோனியின் சோபாவில் போய் உட்காரும். லிசியின் வேலை போகும். அம்மாசி பக்கத்து இலையைப் பார்த்தார். பச்சைப் பட்டை கட்டிய கை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தது. நகங்கள் கொஞ்சம் வளர்ந்திருந்தன.

"ஆமாப்பா" என்றார் அம்மாசி. "அழுதேன்."

யாரோ சிரித்தார்கள். பிரேமலதா எழுந்திருக்கப் போனவர் உட்கார்ந்துகொண்டார். அம்மாசி ரசம் வாங்கிக்கொண்டார். பாயசம் வாங்கிக்கொண்டார். மோர் சாதம் வரை சாப்பிட்டு முடித்து, இலையை மடித்துவிட்டுத்தான் கை கழுவ எழுந்தார்.

ஜூன் மாதம் மகாலட்சுமி ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். அதே மாதம் லிசி வேலையை விட்டுவிட்டு மணப்பாறையிலேயே ஒரு பள்ளியில் சேர்ந்துகொண்டார். ஜூலையில் சுற்றறிக்கை வந்தது: போன ஆண்டின் சான்றுகள் செல்லாது, அழுத்தம் ஆண்டுதோறும் புதிதாக வருவதால் எல்லோரும் புதிதாகச் சான்று பெற வேண்டும், படிவம் இணைக்கப்பட்டுள்ளது. கேள்விகள் அதே மூன்று. அம்மாசி அதைக் கல்லாவில் வைத்திருக்கிறார். இன்னும் எழுதவில்லை.

லிசி அங்கே இல்லை, பழைய சான்றும் செல்லாது என்பதால், இனி இதைச் சொல்வதில் யாருக்கும் கெடுதல் இல்லை. மடை திறப்பு விழாவில் அரிசிக் கடை அம்மாசி மேடையில் அழுதார் என்று ஸ்ரீரங்கத்திலும் மண்ணச்சநல்லூரிலும் ஒரு பேச்சு நடமாடுகிறது. அது தவறு. அம்மாசி அழவில்லை.